அளவு ஜாக்கெட்

புது ஜாக்கெட் தைக்க வரும்போதெல்லாம் அருணா அந்த ஊதா ஜாக்கெட்டைத்தான் அளவுக்குக் கொடுப்பாள். காலேஜ் விழாவுக்குத் தையல்காரி பொன்னியே தைத்துக் கொடுத்தது. பதினோரு வருஷமாக அதே ஜாக்கெட், அதே மஞ்சள் பை.

"இதே அளவுதான்க்கா," என்பாள். பொன்னி டேப்பைக் கையில் எடுத்தால் முகம் சுருங்கிவிடும்.

திண்டிவனத்தில் ஒரு மிஷினும், போட்டுப் பார்க்க ஒரு திரைமறைவும் உள்ள சின்னக் கடை பொன்னியுடையது. எட்டாவதோடு படிப்பை விட்டவள். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. கண் மட்டும் தப்பாது. அருணா படியேறும்போதே அவளுடைய தோளும் கையும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஊதா ஜாக்கெட்டின் அளவுக்குத் தைத்தால் இப்போது கைகூட நுழையாது. பொன்னி கண்ணளவுக்கே வெட்டி, உள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டுத் தைப்பாள்.

"பாத்தியாக்கா, கரெக்டா இருக்குது," என்று அருணா சிரிப்பாள். பொன்னியும் சிரித்துவைப்பாள்.

அருணாவுக்கு விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் வேலை. அங்கே யார் எதிரிலும் சாப்பிடமாட்டாள். வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தால் அம்மா ராஜாமணி ஆரம்பித்துவிடுவாள்: "இன்னொரு தோசையா? ஆட்டுக்கல்லாட்டம் ஆயிட்ட, இன்னும் பத்தலியா?" தின்பண்டம் இருக்கும் அலமாரிக்குப் பூட்டு உண்டு.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அருணா நேரே பொன்னியின் கடைக்கு வருவாள். "இத போட்டுப் பாத்துக்கினு வர்றேன்க்கா" என்று திரைக்குப் பின்னால் போவாள். கொஞ்ச நேரத்தில் காகிதம் சரசரக்கும். ஒருநாள் திரை விலகியபோது பொன்னி பார்த்தாள். கிரீம் பன், மிக்சர், மல்லாட்டை உருண்டை எல்லாம் மடியில் கிடக்க, ருசிகூடப் பார்க்காமல் அள்ளி அடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பொன்னி திரையை இழுத்து மூடினாள். அன்றிலிருந்து திரைக்குள் காகிதச் சத்தம் கேட்டால் துணியில்லாமலே மிஷினை ஓட்டுவாள், வெளியே யாருக்கும் கேட்கக் கூடாதென்று. அருணா போனபிறகு காகிதங்களைக் கூட்டி அள்ளுவாள். ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் வெற்றிவேல், கரும்புக்காரர் வீடு. "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. தை மாசத்துக்குள்ள ஒடம்ப மட்டும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க" என்று பையனின் அம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

அருணா பகலெல்லாம் ஏதோ பவுடரைக் கரைத்துக் குடித்தாள். சாயங்காலம் திரைக்குப் பின்னால் முன்னைவிட அதிகமாகத் தின்றாள். தின்றதும் கடைக்குப் பின்னாலிருந்த பாத்ரூமுக்கு ஓடுவாள். குழாய் வெகுநேரம் திறந்தே இருக்கும்.

மூன்று மாதத்தில் ஆளே பாதியானாள். பொன்னி ஜாக்கெட்டுகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்தாள். ஒருநாள் ஊதா ஜாக்கெட்டைப் போட்டுக் கொக்கியும் மாட்ட முடிந்தது. அருணா கண்ணாடி முன்னால் அசையாமல் நின்றாள். அவள் வலது கை விரல் முட்டிகளில் பல் பட்டு ஆறாத புண் இருந்தது. பொன்னி அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இப்பதான் நல்லாருக்க, அருணா," என்றாள்.

அந்த வாரமே ராஜாமணி கடைக்கு வந்தாள்.

"ஏ பொன்னி, இங்க ஒக்காந்துக்கினு எதுனா திங்கறாளா அவ? கல்யாணத்த வச்சிக்கினு மறுபடி ஊதிட்டான்னா பேஜாராயிடும்."

சொன்னால் அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று பொன்னிக்குத் தெரியும்.

"இல்லீங்கம்மா. துணி போட்டுப் பாக்கத்தான் வர்றா."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அருணா சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, உடம்பில் உப்புச்சத்து இறங்கி இதயத் துடிப்பு தடுமாறுவதாகச் சொன்னார்.

"பட்டினி கெடக்கறது, அப்புறம் அள்ளித் திங்கறது, வாந்தி எடுக்கறது. இது ஒரு வியாதிம்மா. குண்டா இருக்கறவங்களுக்கும் வரும். எத்தன நாளா இருக்குது?"

"எம் பொண்ணுக்கு அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள் ராஜாமணி.

சேதி கேட்டு ஓடிவந்து கட்டிலின் கால்மாட்டில் நின்ற பொன்னி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "திங்கறது ஆறு வருஷமாங்க. வாந்தி இப்பதான், மூணு மாசமா."

"தெரிஞ்சிக்கினேவா வாய மூடிக்கினு இருந்த?" என்று ராஜாமணி கத்தினாள். அருணா பொன்னியை ஒருமுறை பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணம் நின்றுபோனது. இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அருணாவின் உடம்பு பழையபடி ஏறிவிட்டது, முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. மாதம் ஒருமுறை அந்த டாக்டரம்மாவிடம் போய்வருகிறாள். அலமாரியில் இப்போது பூட்டு இல்லை. சில நாள் அம்மாவோடு உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிடுகிறாள்; சில நாள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஜவுளிக்கடையில் ரெடிமேடாக வாங்கிய சுடிதார்தான் போடுகிறாள். ஊதா ஜாக்கெட் மஞ்சள் பையோடு பொன்னியிடமே இருக்கிறது. அதைக் கேட்டு அருணா வரவில்லை.