எக்ஸ்ரே தாளில் வெட்டின முகம்

எங்க அக்காவைப் பத்தி யாரைக் கேட்டாலும் கல்லுளிமங்கின்னுதான் சொல்வாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், சண்டை போடுற நேரம் தவிர. மரப்பெட்டி செய்யற கம்பெனியில இருபத்தோரு வருஷமா அவளுக்கு ஒரே வேலை. தகட்டுல வெட்டின எழுத்தைப் பெட்டி மேல வச்சு அழுத்தி, கறுப்பு ஸ்பிரே அடிச்சு, "கவனமாகக் கையாளவும்"னு பதிக்கணும். ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி.

மாமா, அதான் அவ வீட்டுக்காரர், நுரையீரல் கெட்டுப்போய் இறந்து மூணு மாசம் ஆகுது. அவ ஒரு சொட்டு அழல. அடுத்த வாரமே வேலைக்குக் கிளம்பிட்டா. சாப்பிட்டியான்னு கேட்டா "ஆச்சு". தூங்கினியான்னு கேட்டா "ஆச்சு". எனக்குப் பத்திக்கிட்டு வரும். கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். சுவத்துக்கிட்ட பேசின மாதிரிதான்.

போன ஞாயித்துக்கிழமை காலையில அவளே போன் பண்ணினா. "கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" வாழ்க்கையில என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்ல. அடுப்பை அணைச்சுட்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தா தரை பூரா மாமாவோட எக்ஸ்ரே தாள். அவ கையில பிளேடு. மாமாவோட கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் பெருசா நகல் எடுத்து, ஒரு தாளுக்கு அடியில ஒட்டி வச்சிருந்தா.

"என்னக்கா கூத்து இது?"

"அவர் முகம் ஞாபகம் வர மாட்டேங்குதுடி." கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. "கண்ணை மூடினா ஒண்ணுமே இல்ல. இப்படியே விட்டா அப்படி ஒரு மனுஷன் இருந்தாரான்னே எனக்குத் தெரியாமப் போயிடும். அதான், சுவத்துல பதிச்சு வச்சிடலாம்னு."

அவ குரல்ல ஒரு நடுக்கம் இருந்திருந்தாக்கூடப் பயந்திருக்க மாட்டேன்.

"எக்ஸ்ரே தாள்லயா வெட்டணும்?"

"அட்டை ஊறிடும். இதுதான் பெயின்ட்டுக்குத் தாங்கும்."

மாமாவோட நெஞ்செலும்பு மேலயே அவர் புருவத்தை வெட்டினா. கை ஆடவே இல்ல. ஆனா ஒரு தப்பு பண்ணினா. எழுத்து வெட்டும்போது நடுவுல இருக்கிற துண்டு கழண்டு விழாம இருக்க, அங்கங்க ஒரு பட்டையை வெட்டாம விடுவாங்க. முகத்துக்கு அது மயிரிழை மாதிரி இருந்தாப் போதும். இவ பழக்கதோஷத்துல பெட்டி எழுத்துக்கு விடற மாதிரியே விரல் தடிமனுக்கு விட்டுட்டா. கண்ணுக்குக் குறுக்க ஒண்ணு, வாய்க்குக் குறுக்க ஒண்ணு.

"என்னக்கா, மாமாவைப் பெட்டியில போட்டு அனுப்பற மாதிரி..."ன்னு ஆரம்பிச்சு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அனுப்பித்தான் மூணு மாசம் ஆச்சே. அவ நிமிர்ந்துகூடப் பார்க்கல.

கட்டிலுக்கு எதிர்ச் சுவர். சுத்தி நியூஸ்பேப்பர், நாலு மூலையிலயும் டேப். ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினா. உள்ள இருக்கிற குண்டு கடகடன்னுது. ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, மெல்லிசா மூணு தடவை அடிச்சா. தாளை உரிச்சதும் குறுக்கால பட்டை பட்டையா வெள்ளை விட்டுப்போச்சு, ஆனாலும் மாமா அப்படியே இருந்தார்.

"அச்சு அசல் மாமாக்கா!"

அவ ரொம்ப நேரம் பார்த்தா. "யாரோ மாதிரி இருக்கு"ன்னா.

"என்னடி, கட்டின புருஷனைத் தெரியலையா?" கோவத்துல அக்காவையே டி போட்டுட்டேன். "அந்தப் பட்டையை பிரஷ் வச்சு அடைச்சா சரியாப் போயிடும்."

"பட்டை இல்ல. இவர் என்னை நேரா முறைக்கிறார். அவர் என்னிக்கு என்னை நேராப் பார்த்தார்?"

சண்டை சச்சரவு இல்லாத வீடுதான். ரெண்டு பேரும் சேர்ந்து டிவி பார்ப்பாங்க, ஒரே பக்கமா உக்காந்து சாப்பிடுவாங்க, பேச்சு கம்மி. அவ கீழ உக்காந்து யோசிச்சா. அப்புறம் இன்னொரு எக்ஸ்ரே தாளை இழுத்தா. இந்தத் தடவை அடியில படம் எதுவும் வைக்கல. பேனாவால ஒரே இழுப்பு. தலை, வலப்பக்கம் துருத்திக்கிட்டு நிக்கிற காது, கழுத்து, சட்டைக் காலர், கொஞ்சம் தோள். பின்பக்கத்துல இருந்து பார்த்த மாமா.

"பத்தொம்பது வருஷம் அவர் சைக்கிள்ல பின்னாடி உக்காந்துதானே வேலைக்குப் போனேன்"னா. "காலையில முக்கா மணி நேரம், சாயங்காலம் முக்கா மணி நேரம். எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உக்காந்து, எந்த உயரத்துல வரணும்னு கையால அளந்தா. வெட்டி எடுத்த தாளை அங்க ஒட்டினா. எந்திரிச்சு அடிச்சா. உரிச்சா. சுவத்துல ஒரு கறுப்பு முதுகு, எங்களைத் திரும்பிப் பார்க்காம எங்கயோ போயிட்டிருந்துச்சு.

அவ மறுபடி ஸ்டூல்ல உக்காந்தா. ரெண்டு பக்கமும் கால் போட்டு, முன்னாடி சாஞ்சு, காலருக்குக் கீழ நெத்தியை வச்சுக்கிட்டா.

நான்தான் அழுதேன். அவ அழல.

"காஞ்சிடுச்சாக்கா?"

"இல்ல"ன்னா. நெத்தியை எடுக்கல.