பனிக்கடல் சேறும் பெரிய கிளாக்கரின் முழங்காலும்

எங்கள் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது, இனியாவது விட்டுவிடக் கூடாதா என்று என் மகள் கேட்கிறாள். விடலாம். மனசு வரவில்லை.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கதவைச் சாத்திவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற வழியில் அடுப்பை அணைத்தேனா என்று பாதியில் திரும்பி வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒருவரைப் பழி வாங்கினேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். பரவாயில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே. அறுபதுகளின் கடைசியில் கொழுந்தெடுக்கும்போது வழுக்கி விழுந்து என் கணுக்கால் பிசகியது. அதனால் என்னை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், குச்சி பொறுக்கப் போட்டார்கள். காய்ந்த தூளைப் பரப்பிவைத்துத் தரையில் உட்கார்ந்திருப்போம். சிவப்புக் குச்சியை மட்டும் எடுத்துப் பக்கத்துக் கூடையில் போடுவோம். எடுப்பது குப்பை, மிஞ்சுவது தேயிலை. என் விரல் வேகமானது. பயந்தவளின் விரல், ஒன்றையும் விடாது.

அப்போது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரை, தேயிலைக்கு வருமுன் வடக்கே பனிக்கடலுக்குப் போகும் கப்பலில் வேலை செய்தவர். அந்தக் கடலை ஒன்றுசேர்ந்து ஆராய வேண்டுமென்று அவரும் வேறு இரண்டு நாட்டுச் சிநேகிதர்களும் வருஷக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கப்பல் கோடையில் போக வேண்டும் என்பார் ஒருவர். ஐஸ் இறுகியிருக்கும்போதே போக வேண்டும் என்பார் இன்னொருவர். ஒவ்வொரு கடிதத்துக்கும் துரை திட்டத்தைத் திருத்துவார், பெரிய கிளாக்கர் மறுபடி டைப் அடிப்பார். ஒருவருக்கு ஐஸும் தண்ணீரும், ஒருவருக்கு மீனும் கடல்நாயும், துரைக்குக் கடலடியில் கிடக்கும் பொடி உயிர்கள் என்று கடைசியில் பங்கு பிரித்தார்கள். பணம் தரவிருந்த சீமைத் தர்மசபை ஒரு நிபந்தனை போட்டது. ஒரே இடத்துச் சேற்றை மூன்றாகப் பிரித்து மூன்று பேரும் தனித்தனியே உயிர்களைப் பொறுக்கி எண்ணிக் காட்ட வேண்டும். கணக்கு ஒத்துப்போனால்தான் கப்பலுக்குப் பணம்.

பொறுக்க ஆள் தேடித்தான் துரை ஸ்டோருக்கு வந்தார். எங்கள் பின்னால் நின்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

புட்டிகளில் வந்திறங்கிய கடல் சேறு வட்டவளை மழையில் ஈரம் கண்டுவிடும் என்று, அடுப்பறைக்குப் பக்கத்துச் சூடான அறையில் இடம் போட்டார்கள். மேஜை, பூதக்கண்ணாடி, மயிர்த்தூரிகை. ஒரு நாற்காலியும். கழுவிக் காயவைத்த சேற்றில் மணல் அளவுக்கு வெள்ளைச் சிப்பிகள் கிடக்கும். தூரிகை நுனியை ஈரமாக்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்பு அட்டையில் ஒட்ட வேண்டும்.

"இது செத்துப்போன சின்ன உயிர். இது மாதிரி உயிரைத்தான் மீன் தின்னும். மீனைக் கடல்நாய் தின்னும். கடல்நாயைக் கரடி தின்னும்" என்று துரை தோட்டத்துத் தமிழில் சொன்னார்.

ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கும் அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். துரை போனதும், "இதுக்கு எதுக்குடி கப்பல்ல போகணும்? நம்ம தோட்டத்துலயும் அப்படித்தானே? கீழ இருக்கவளை எல்லாரும் தின்னுறாங்க" என்றார்.

முதல் புட்டியை நான் பொறுக்கிய கணக்கு மற்ற இரண்டு இடத்துக் கணக்கோடும் ஒத்துப்போனது. துரை திட்டத்தில் என் பேரைச் சேர்த்தார். டைப் அடித்த வரியில் விரலை வைத்து, "இது நீ" என்றார். பணம் வந்தால் இரண்டு வருஷம் அந்த அறையில் வேலை. பிசகின காலோடு கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பெரிய கிளாக்கருக்கு அந்த நாற்காலி கண்ணில் குத்தியது. "கூலிப் பொம்பளை நாற்காலியில ஒக்காந்து வேலை பார்க்குறா. நாளைக்கு டீ கொண்டாங்கம்பா" என்று எல்லார் காதிலும் விழச் சொல்வார். அவர் மனைவியின் தம்பி ஒருவன், அட்டன் டவுனில் படித்துத் தேறாமல், தலையில் வாசனை எண்ணெயோடு வந்து இரண்டு மாதமாக ஸ்டோரில் எங்களை மேய்த்துக்கொண்டிருந்தான். துரை மூன்று வாரம் கொழும்புக்குப் புறப்பட்டபோது, "அந்தப் பொம்பளை இந்தியாவுக்குப் போகப் பேரு குடுத்திருச்சுங்க" என்று கிளாக்கர் ஒரு பொய்யைச் சொல்லி, என் பேரை எடுத்துவிட்டு மச்சினன் பேரை டைப் அடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். அந்த நாளில் லயத்து வீடுகளில் பாதி, இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போகப் பேர் கொடுத்துக்கொண்டிருந்ததால் துரை நம்பிவிட்டார்.

இதை எனக்குச் சொன்னதே மச்சினன்தான். "பேப்பர்ல இப்ப எம்பேருதான். எந்திரி."

கிளாக்கர் பின்னாலேயே வந்தார். "இவனுக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போ. நாளையிலிருந்து நீ மலைக்கு."

கடைசிப் புட்டி, சபைக்கு அனுப்ப வேண்டிய புட்டி, மேஜையில் இருந்தது. மச்சினன் தூரிகையைப் பேனா மாதிரிப் பிடித்துக்கொண்டு, "எடுத்ததை எங்க போடறது?" என்று கேட்டான்.

நான் எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்றேன்.  "குச்சி பொறுக்கையில எடுத்ததை எங்கங்க போடுவோம்?"

"கூடையில."

"எல்லாம் தெரிஞ்சுதானே வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வந்த உடனே பயம் பிடித்துக்கொண்டது. அக்காவிடம் ஓடினேன். "அக்கா, அந்த ரூம் கூடையை மட்டும் கழிவுல கொட்டிராதீங்க. தனிச் சாக்குல போட்டு வைங்க. ஏன்னு கேக்காதீங்க." அவர் கேட்கவில்லை. பயந்தவள் வாங்கும் பழி அப்படித்தான் இருக்கும், வேண்டுமானால் திரும்ப மேலே இழுத்துக்கொள்ளக் கயிறு கட்டி இறக்கின பழி.

மூன்று வாரம் மலையில் நின்றேன். மழை, அட்டைக்கடி, வீங்கின கால். சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் மத்தியானம் ஸ்டோர் வாசல் வரை போனேன். கிளாக்கர் பார்த்துவிட்டார். "என்னடி, நாற்காலியைத் தேடி வந்தியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிவிட்டேன்.

துரை வந்த மறுநாள் காலை என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு சின்னப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே புட்டியில் வெறும் சேறு, அழகாக லேபிள் ஒட்டி. ஒரு சிப்பிகூட இல்லை. மச்சினன் குப்பையைப் பத்திரப்படுத்தி, உயிர்களைப் பொறுக்கிக் கூடையில் எறிந்திருந்தான்.

"இவதாங்க தப்பாச் சொல்லிக்குடுத்தா" என்றார் கிளாக்கர்.

"நான் சொல்லிக்குடுக்கலீங்க தொரை. எம்பேரே அந்தப் பேப்பர்ல இல்லியே. நான் எப்படிச் சொல்லிக்குடுக்கறது?"

"நீ இந்தியா போறே, இல்லையா?"

"யாருங்க சொன்னாங்க?"

துரை கிளாக்கரைப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த முகத்தை நான் பார்த்தேன். கிளாக்கரை அங்கேயே உட்காரவைத்து, என் பேரைப் போட்டு மறுபடி டைப் அடிக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "எறிஞ்சது கெடைக்குமா? இன்னிக்குச் சாயங்கால ரயில்ல போனாத்தான் கொழும்புல கப்பல் தபாலுக்குச் சேரும்" என்றார்.

"தனிச் சாக்குல இருக்குங்க. ஆனா தூசியோட கலந்து கெடக்கு, சலிச்சுக் குடுக்க ஆளு வேணும். ஐயாவும் அவங்க மச்சினனும் கீழ ஒக்காந்து சலிச்சுக் குடுத்தா நான் பொறுக்குறேன்."

துரை தலையாட்டினார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கிளாக்கர் வெள்ளை கோட்டோடு தரையில் முழங்கால் போட்டார். தேயிலைப் பஞ்சும் தூசியும் அவர் மீசையில் ஒட்டின. குச்சி பொறுக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வாசலைக் கடந்தார்கள். "பாத்துங்க ஐயா, கோட்டு அழுக்காயிரும்" என்றாள் ஒருத்தி. அக்கா விளக்குமாறோடு வந்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க, கூட்டணும்" என்று அவரைச் சுற்றியே கூட்டினார்.

மூன்று மணிக்குச் சாக்கு முடிந்துவிட்டது. அட்டை நிறைந்திருந்தது. இனி ஒன்றும் இல்லையென்று எனக்குத் தெரியும்.

"இன்னும் இருக்குங்க. மறுபடி சலிங்க" என்றேன்.

சலித்தார். சல்லடையை இரண்டு கையாலும் தூக்கி, "இதுல இருக்கா பாரும்மா" என்றார். நான் மெதுவாகப் பார்த்தேன். "இல்லீங்க. இன்னொரு தரம்." நேரம் தெரியாமல் இல்லை.  இன்னும் ஒரே ஒரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம் என்று அவரை முழங்காலிலேயே வைத்திருந்தேன். பெட்டியை மூடி ஆணி அடித்தபோது கீழே வட்டவளையில் சாயங்கால ரயில் கூவிக்கொண்டு புறப்பட்டது.

பெட்டி அடுத்த கப்பலில் போனது. சில மாதம் கழித்துத் துரை ஸ்டோருக்கு வந்து அவராகவே சொன்னார். சபை பணம் கொடுத்துவிட்டது, கப்பல் போகிறது. ஆனால் நம் பெட்டி கெடு தாண்டி வந்ததால் கடலடி வேலையை மற்ற நாட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டார்கள். "உன் கணக்கு சரிதான். ரொம்ப சரி" என்றார். எதனால் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த அறையில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கினார்கள். குச்சி பொறுக்க ஏற்கனவே ஆள் போட்டாயிற்று, நான் மலைக்குப் போனேன்.

"இதுக்காடி அவ்வளவு நேரம் சலிக்க விட்டே?" என்று அக்கா கேட்டார்.  துரையை நினைத்துப் பல நாள் சோறு இறங்கவில்லை, அது உண்மை. கிளாக்கரை நினைத்து ஒரு நாளும் அப்படி இல்லை. பெரட்டில் பேர் கூப்பிடும்போது என் பேர் வந்தால் அவர் புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்க மாட்டார். மழையில் மேல் நிரைச் செடிகளுக்கு ஏற முடியாமல் நான் நிற்கும்போதெல்லாம், அவர் சல்லடையைத் தூக்கிக்கொண்டு "பாரும்மா" என்று கேட்டதை நினைத்துக்கொள்வேன். ஏறிவிடுவேன்.