ஸ்டியரிங்கை நேராக்கிய கை

பட்டறையில் நாலு பேர் கூடிவிட்டால் ஒருவராவது பேய்ப் பேச்சை ஆரம்பித்துவிடுவார். ரயில்வே குவார்ட்டர்ஸ் மரத்தடியில் எதையோ பார்த்தேன், கிள்ளான் ரோட்டில் ஒருத்தி கை காட்டி வண்டியை நிறுத்தினாள் என்று. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள். எனக்கு இரும்பு தெரியும். இரும்பு ஆடினால் எங்கோ தேய்ந்திருக்கிறது, சத்தம் போட்டால் எங்கோ உரசுகிறது, அவ்வளவுதான் விஷயம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை, பாதி நாள் நானே நம்புவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், நடுவில் மட்டும் சிரிக்காதீர்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய கதை இது. பிரிக்பீல்ட்ஸில் கடை வரிசைக்குப் பின்னால் நானும் அலாவுதீன் பாயும் சேர்ந்து ஒரு பட்டறை வைத்திருந்தோம். இன்ஜின், கியர் எல்லாம் என் வேலை. அடிப்பது, வளைப்பது, ஒட்டுவது எல்லாம் பாய். நல்ல கட்டுமஸ்தான ஆள், நின்றுகொண்டிருக்கும் லோரியின் ஸ்டியரிங்கைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து திருப்பிவிடுவார். அப்போது ஊரில் ஏழெட்டுப் பேர் உட்காருகிற சின்ன பஸ்கள் நிறைய ஓடின, சனங்கள் கொசு பஸ் என்பார்கள். அதில் ஒன்றை ஒரு சீனத் தௌக்கே, அதாவது முதலாளி, வாங்கிக் கிள்ளானுக்கு விட்டிருந்தார். ஓட்டியது மருதமுத்து என்ற பையன். பையன் என்கிறேனே தவிர கல்யாணமானவன், என்னைவிட இளையவன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

அந்த பஸ் பத்து தீகா என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒருநாள் பட்டப்பகலில் ரோட்டை விட்டு இறங்கிக் கால்வாயில் பாய்ந்துவிட்டது. உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிராய்ப்பு, ஒரு கங்காணிக்குக் கை முறிந்தது. மருதமுத்துவுக்குத் தலையில் அடி. கிள்ளான் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். கள்ளுக் குடித்துவிட்டு ஓட்டினான் என்று யாரோ சொல்ல, அது போலீஸ் காதுக்குப் போய், கேஸ் ஆகிவிட்டது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து எங்கள் பட்டறையில் தள்ளினார்கள். சனிக்கிழமை காலையில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், அதுவரை எதையும் மாற்றக் கூடாது, வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை அவன் மனைவி அஞ்சலை வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், சேலையெல்லாம் செம்மண்.

"அவரு குடிக்கிறதில்லண்ணே. உங்களுக்கே தெரியும். ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது, நான் ஒரு பக்கம் பிடிச்சா வண்டி ஒரு பக்கம் போகுதுன்னு போன வாரமெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்தாரு. தௌக்கேகிட்டயும் சொன்னாரு."

"பாக்கறேம்மா. இருந்தா கண்டுபிடிச்சிருவேன்" என்றேன்.

"இருக்குண்ணே. அவரு பொய் சொல்லமாட்டாரு. எந்திரிச்சு வந்தா ஜெயிலுக்குப் போறதுக்கா எந்திரிக்கணும்?"

அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கண்டுபிடிக்காமல் சனிக்கிழமை விடியக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் எங்கே என்று பார்ப்பதற்கு ஒரே வழிதான். ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாக ஆட்டவேண்டும், இன்னொருவர் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அந்த அசைவு சக்கரம் வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா, நடுவில் எங்காவது தொலைந்துபோகிறதா என்று பார்க்கவேண்டும். மேலே பாய், கீழே நான். வியாழன் சாயங்காலம் பார்த்தோம், வெள்ளி காலையிலும் பார்த்தோம். ராடுகளின் முனைகளைப் பார்த்தேன், சக்கரத்தின் கிங் பின்னைப் பார்த்தேன், ஒவ்வொன்றையும் கையால் பிடித்து உலுக்கினேன். கால்வாயில் விழுந்ததில் ஒரு ராடு வளைந்திருந்தது, ஆனால் அது விழுந்ததால் வந்த வளைவு, விழவைத்தது இல்லை. ஸ்டியரிங் தண்டு போய்ச் சேருகிற பல் பெட்டியும் கெட்டியாகத்தான் இருந்தது. பாய் திருப்பத் திருப்பப் பெட்டியிலிருந்து சக்கரத்தை நோக்கிப் போகும் இரும்புக் கை உடனே அசைந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது விளங்காது. பட்டறை ஒடுக்கம். வண்டியைத் தள்ளி வந்தவர்கள் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் கோணலாகச் செருகிவிட்டார்கள், முன் சக்கரங்கள் நன்றாக வலப்பக்கம் திரும்பியபடியே நின்றன. அப்படியே வைத்துத்தான் நாங்கள் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வளைந்த ராடையே நினைத்துக்கொண்டிருந்ததில் சக்கரத்தை நேராக்கிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் ஆயிற்று. நான் அடியில் படுத்து, இறுகிப்போன ஒரு பின்னைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். தகரக் கூரையும் சேர்ந்து அதிர்ந்தது. தட்டி முடித்துவிட்டு, "பாய், வலது" என்று குரல் கொடுத்தேன். மேலே சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது, ஆள் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளும் சத்தம், அதை நான் தெளிவாகக் கேட்டேன். காலடிப் பலகைகளைக் கழற்றிவைத்திருந்தோம், அந்த இடைவெளி வழியாக ஸ்டியரிங் தண்டு என் முகத்துக்கு நேரே தெரிந்தது. தண்டு சுழன்றது. ஆனால் நான் சொன்ன வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம்.

"வலதுன்னு சொன்னேன் பாய்."

அது கேட்கவில்லை. இடப்பக்கமே நிதானமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. டயர்கள் சிமெண்டுத் தரையில் அரைபட்டுத் திரும்பின. சக்கரங்கள் நேராக வந்ததும் நின்றது. எனக்கு எரிச்சல். என்ன பாய் இது என்று கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் தண்டு மெல்ல இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்தது. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. நான் பெட்டியைப் பார்த்தேன். தண்டு ஆடுகிறது, பெட்டியிலிருந்து வரும் இரும்புக் கை அசையவே இல்லை. மறுபடி பார்த்தேன். தண்டு கால் சுற்று போகிறது, கை அப்படியே செத்ததுபோல் நிற்கிறது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வண்டி ஓடுவது பெரும்பாலும் நேர் ரோட்டில். அதனால் பெட்டிக்குள் இருக்கும் பல்லில் நடுப்பகுதி மட்டும் தேயும், இரண்டு ஓரமும் புதிது மாதிரியே இருக்கும். சக்கரத்தைத் திருப்பி வைத்துச் சோதித்தால் தேயாத ஓரப் பல் பிடித்துக்கொள்ளும், கெட்டியாகத் தெரியும். நேராக வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மருதமுத்து சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, நேர் ரோட்டில் அவன் கையில் ஸ்டியரிங்கே இல்லை.

"பாய், அப்படியே பிடிங்க, கெடச்சிருச்சு" என்று கத்திக்கொண்டே சறுக்கி வெளியே வந்தேன்.

ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை.

கதவு என் பக்கம்தான் இருந்தது, அந்தப் பக்கம் சுவர். நான் வெளியே சறுக்கி வந்த அந்த நொடியில் யாராவது இறங்கியிருந்தால் என் மேல் கால் வைத்துத்தான் இறங்கியிருக்கவேண்டும். நம்புங்கள் நம்பாமல் போங்கள், தேங்காய் நார் அடைத்த அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்த பள்ளம் இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக மேலே எழும்பிச் சமமானது.

பட்டறை வாசலுக்கு வந்தேன். வெயில் கொளுத்தியது. எதிரே தேத்தண்ணிக் கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாய் எங்கே?"

"வெள்ளிக்கிழமைல்ல, பள்ளிவாசலுக்குப் போயிட்டாரே. உன்கிட்ட சொல்லிட்டுத்தானே சைக்கிள எடுத்தாரு. நீ தட்டிக்கிட்டு இருந்தே."

கொஞ்ச நேரத்தில் பாய் வந்தார், தலையில் வெள்ளைத் தொப்பி, மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலிலிருந்து சைக்கிளை மிதித்த வேர்வை. நான் சொன்னதைக் கேட்டார். போய்ச் சக்கரத்தைப் பார்த்தார். காலையில் வலப்பக்கம் திரும்பி நின்ற சக்கரம் நேராக நின்றது, தரையில் புதிதாக டயர் தேய்ந்த கறுப்பு.

"யாராச்சும் வந்து திருப்பியிருப்பாங்க" என்றார்.

"யாரு பாய் வர்றது? நான் வழியிலதானே படுத்திருக்கேன்."

"சரி, இத வெளிய பேச வேண்டாம். இன்ஸ்பெக்டர் காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் குடிகாரன்னு எழுதிருவான். ஆட்டம் இருக்கா இல்லியா, அதப் பாரு."

அவர் சொன்னதுதான் சரி. பயப்படுவதற்கு எனக்கு நேரமில்லை. அவரை ஏற்றி உட்காரவைத்து மறுபடி அடியில் போனேன். உள்ளே நுழையக் கால் கூசியது, அதை மறைக்கப்போவதில்லை, ஆனாலும் போனேன். "பாய்?" என்றேன். "இருக்கேன்" என்றார். ஆட்டினார். அதே ஆட்டம், அதே இடம். காற்றடித்ததா, வண்டி சரிந்ததா என்று அன்று சாயங்காலம் வரை என்னென்னவோ செய்து பார்த்தேன். பாய் இரண்டு கையாலும் இழுக்காமல் அந்தச் சக்கரம் நகரவே இல்லை.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே தௌக்கேயும். தௌக்கே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பெட்டியில ஒரு போல்ட் இருக்கு லா. கொஞ்சம் இறுக்கு. ஆட்டம் போயிடும், வண்டியும் ஓடும்" என்றார்.

"இறுக்கலாம் தௌக்கே. நேரா போறப்ப நல்லாத்தான் இருக்கும். வளைவுல திருப்பினா ஓரத்துப் பல்லு பூட்டிக்கும், திரும்பி வராது. அப்ப கால்வாய்ல விழறதோட போகாது, உயிரே போயிரும். நான் செய்யமாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. நான் இன்ஸ்பெக்டரை சீட்டில் உட்காரச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிய நிலையில் ஒருமுறை ஆட்டினார், நேராக வைத்து ஒருமுறை ஆட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அவரே தரையில் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது, பெட்டியைத் திறந்து காட்டு என்று சைகை செய்தார். திறந்தேன். தண்டில் திருகு மாதிரிச் சுற்றி வரும் பல் நடுவில் மட்டும் கத்திமுனைபோல் மெலிந்திருந்தது. மருதமுத்து மேல் போட்ட கேஸ் அதோடு நின்றது.

புதுப் பெட்டி சீமையிலிருந்து வரவேண்டும். காத்திருக்க முடியாது. கிள்ளானில் பழைய சாமான் கடைகளை எல்லாம் அலசி, அதே கம்பெனி லோரியின் பெட்டி ஒன்றைப் பிடித்தோம். திறந்து நடுப் பல்லைப் பார்த்த பிறகுதான் வாங்கினேன். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றிச் சரியான நடுவைக் கண்டுபிடித்து, சக்கரத்தை நேராக நிறுத்தி, அப்புறம் அந்த இரும்புக் கையை மாட்டினேன். எண்ணெய் ஊற்றினேன். வேலை முடியும்வரை நான் கூப்பிடுவதும் பாய் "இருக்கேன்" என்பதுமாகவே போயிற்று. பிறகு அந்த பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு விரலுக்கு அடங்கி வந்தது வண்டி.

அஞ்சலை வராந்தாவிலேயே ஓடி வந்தாள். மருதமுத்து கண் திறந்துவிட்டான், கஞ்சி குடிக்கிறான்.

"எப்பம்மா முழிச்சாரு?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்ண்ணே. முழிக்கறதுக்கு முன்னாலயே பேச ஆரம்பிச்சிட்டாரு. நேரா வை, நேரா வைன்னு அதட்டறாரு. யாரன்னே தெரியல. அப்புறம்தான் கண்ணத் தொறந்தாரு."

 ஒருவகையில் எனக்கு மனசு நிம்மதியாயிற்று. அவனேதான் வந்து திருப்பியிருக்கிறான், தன் மேல் பழி வரக் கூடாது என்று உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நம்பாத எனக்கே அது பொருந்தி வந்தது. அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பாயும் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அவன் தேறி, மறுபடி அதே பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்த பிறகு, ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கடையில் நானும் அவனும் உட்கார்ந்திருந்தோம். அவனாகவே ஆரம்பித்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நெனவில்லாம கெடந்தப்ப ஒரு கனவு. பஸ்ஸுக்கு அடியில மல்லாந்து படுத்திருக்கேன். நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு வலதுன்னு கத்தறீங்க. வலதுல தெரியாதுண்ணே, நேரா வைக்கச் சொல்லுங்கன்னு சொல்றேன், உங்களுக்குக் கேக்கல. அப்புறம் நானே கத்தினேன். மேல இருக்கறவங்க நேரா வச்சாங்க."

கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தேன். "நீ மேல உக்காந்திருக்கலியா?"

"இல்லண்ணே. நான் கீழ, உங்க பக்கத்துல. ஏன்?"

"மேல யாருன்னு பாத்தியா?"

அவன் பெஞ்சுக்கு அடியில் தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"பாயின்னுதான் நெனச்சேன். பலகை கழட்டின சந்துல கால் ரெண்டும் தெரிஞ்சுது. ஆனா அது பெடல் மேல இல்லண்ணே, எட்டாத மாதிரி சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பாய்க்கு அவ்வளவு சின்னக் கால் இல்லியே."

அந்த பஸ்ஸில் குழந்தை எதுவும் அடிபட்டதாக யாரும் சொல்லவில்லை. தௌக்கே வாங்குவதற்கு முன் அதை யார் ஓட்டினார்கள் என்றும் விசாரித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மருதமுத்து கனவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என்னால் அப்படி விடமுடியவில்லை. தண்டு சுழன்றுகொண்டிருந்த நேரம் முழுவதும் அதே இடைவெளியைத்தான் நானும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தண்டைத் தவிர எந்தக் காலும் இல்லை.