பனியனுக்கு மூன்று தீர்மானங்கள்

ஒச்சாயி தனக்கென்று ஒரு புத்தாண்டுக்கும் தீர்மானம் எடுத்தவளில்லை. இந்த ஜனவரியில் நாய்க்கு மூன்று எடுத்தாள். பிஸ்கட் கிடையாது, ஒரு வேளைதான் சோறு, விடிந்ததும் கட்டாயம் நடை.

நாயின் பெயர் பனியன். அவிநாசிபாளையத்தில் அவள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பக்கத்தில், பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துணிக் கழிவை மூட்டை கட்டும் குடோன் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் அந்தக் குவியலுக்குள் வெள்ளைத் துணியோடு துணியாகக் கிடந்த குட்டியை அவள்தான் எடுத்து வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கணவனைப் பறிகொடுத்து, மகன் முனீஸும் கல்யாணம் முடிந்து சென்னைக்குப் போனபிறகு அவளுக்கு மிஞ்சியது அந்த நாய்தான். "அனாதைக்கு அனாதை தொணை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடி டீசர்ட்டைப் புரட்டிப் புரட்டி ஓட்டையும் கறையும் தேட வேண்டும். பொழுது விழுந்தபிறகு கம்பெனி வேன் தார்ரோட்டில் இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து வீட்டுக்கு மக்காச்சோளக் காட்டை ஒட்டி ஒரு மண்பாதை, விளக்கு கிடையாது. இத்தனை வருடமும் பனியன் ரோட்டுக்கு வந்து நிற்கும். முன்னால் நடக்கும், அவள் பின்தங்கினால் திரும்பிப் பார்க்கும். போன கார்த்திகையில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார ஆரம்பித்தது. பிறகு அந்தப் பாதியும் நின்றது. செல்போன் வெளிச்சத்தில் தனியாக வந்தாள். பயமாகத்தான் இருந்தது. இருட்டைவிட, வர வேண்டியது வரவில்லையே என்பதுதான் அவளை வாட்டியது.

கால்நடை ஆஸ்பத்திரியில் நாயை மேசைமேல் ஏற்ற இரண்டு ஆள் தேவைப்பட்டது. "முட்டி தேயுதும்மா. இப்படியே ஊதுனா ஒரு நாள் எந்திரிக்கவே எந்திரிக்காது" என்றார் டாக்டர். "புது வருசம் பொறக்குது, எல்லாரும் தங்களுக்கு ஏதாவது முடிவு எடுப்பாங்க. நீங்க இதுக்கு எடுங்க."

எடுத்தாள். சித்திரைக்குள் பனியன் மறுபடி ரோட்டுக்கு வந்தாக வேண்டும். லைனில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "எம்புட்டு பாவமா மொகத்த வச்சாலும் ஒண்ணும் போட்ராதீக." வேலை முடிந்து வருகிற ஒவ்வொருவர் முன்னாலும், அன்றைக்கு ஒரு பருக்கைகூடக் கண்ணில் படாததுபோல நிற்கிற நாய் அது. நடிப்பில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனாலும் எல்லோரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். கடைசி வீட்டில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்கள்கூட ரொட்டியை நிறுத்திவிட்டார்கள்.

மாசி பிறந்ததும், ஜனவரியில் எடை பார்த்த அதே குடோன் மெஷினில் நாயை மறுபடி ஏற்றினாள். மூட்டை போடுகிற குகன் நம்பரைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். "கூடியிருக்குதுங்க அக்கா" என்றான்.

விடியுமுன்னே எழுந்து நடத்திக் கூட்டிப்போனதெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மத்தியானம் படுத்துக்கிடந்த பனியன் யாரும் கூப்பிடாமலே எழுந்து, நொண்டிக்கொண்டே முன்வீட்டைச் சுற்றி மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனது. அவளும் பின்னாலேயே போனாள். முன்வீடு வீட்டுக்காரர் வெள்ளியங்கிரியுடையது. அவரிடம் மட்டும் அவள் சொல்லியிருக்கவில்லை. குடியிருக்கிறவள் வீட்டுக்காரரிடம் போய் அதைப் போடாதே இதைப் போடாதே என்று சொல்ல முடியுமா என்ன?

பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பேக்கரிக் காகிதத்தில் தேங்காய் பன். துண்டு துண்டாகப் பிய்த்து நாய்க்கு நீட்டிக்கொண்டிருந்தார். நாய் மெல்லும்போது அவர் வாயும் கூடவே லேசாக அசைந்தது.

"ஐயா, ஒங்களுக்கே சுகர்ல?"

அவர் திடுக்கிட்டுக் காகிதத்தை மடித்தார். "நான் ஒரு வாய் திங்கலீங்க அம்மிணி. சுபஸ்ரீ மேல சத்தியமுங்க." சுபஸ்ரீ அவர் மருமகள், இனிப்பு டப்பாவை அலமாரியில் பூட்டிவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்புகிறவள். "அது திங்கறதப் பாத்துட்டு உக்காந்திருப்பனுங்க. அவ்வளவுதானுங்க."

"நீங்க பாத்துப் பாத்துத்தான்யா அது நொண்டுது" என்றாள் ஒச்சாயி. வீட்டுக்காரர் என்கிற மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. தேய்கிற முட்டியை, டாக்டர் சொன்னதை, இருட்டுப் பாதையை, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "தப்புத்தானுங்க. இனிமேல் குடுக்க மாட்டனுங்க." காகிதத்தைக் கசக்கி ஓரமாக வைத்தார். "அப்ப மத்தியானத்துல நான் என்னத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுங்க?" என்றார்.

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

ஒச்சாயியின் கோபம் போன இடம் தெரியவில்லை. மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புகிறார்கள். அதுவரைக்கும் இந்த மனிதரைத் தேடி வருகிற உயிரும் அந்த நொண்டி நாய் ஒன்றுதான் என்பது அவளுக்கு உறைத்தது.

"உக்காராதீக" என்றாள். "சாயங்காலம் அதக் கூட்டிக்கிட்டு ரோட்டப் பாத்து நடங்க. ஒங்க டாக்டரும் ஒங்கள நடக்கச் சொல்லியிருப்பாருல்ல?"

சொல்லாமலா? வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதல் வாரம் அவரும் நாயும் கேட்டைத் தாண்டவில்லை. அப்புறம் கரண்ட் கம்பம் வரைக்கும், அப்புறம் வேப்பமரம் வரைக்கும் போவதாக லைனில் பேச்சு. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் வேனிலிருந்து இறங்கினாள். ரோட்டில் யாரும் இல்லை. இன்றைக்கும் இல்லை என்று செல்போனைத் தடவி எடுத்து நடந்தாள்.

கூப்பிடு தூரத்தில், ஓடைப் பாலத்துக் கட்டையில் வெள்ளியங்கிரி டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பனியன் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மூச்சு வாங்கவில்லை. இடுப்பு என்று ஒன்று தெரிந்தது. அவளைக் கண்டதும் வாலை அடித்துக்கொண்டது, ஆனால் அவரை விட்டு நகரவில்லை.

"அது ரோடு வரைக்கும் வந்துருமுங்க" என்றார் அவர், மூச்சு வாங்குவதற்கு நடுவில். "நாலு எட்டு போகுதுங்க, திரும்பி என்னயப் பாக்குது, திருப்பி வந்துருது. எனக்குத்தானுங்க முடியல."

ஒரு நொடி பொறாமையாகத்தான் இருந்தது. ஏழு வருடம் அவள் ஒருத்திக்காகத் திரும்பிப் பார்த்த நாய் அது. பிறகு சோற்றுப் பையை இறக்கி வைத்துவிட்டு அவளும் கட்டையில் உட்கார்ந்தாள்.

"மெதுவாப் போவோம்யா. எனக்கும் நின்னு நின்னு காலு கடுக்குது."

அவருக்கு மூச்சு அடங்கியதும் கிளம்பினார்கள். பனியன் முன்னால் நடந்தது. இப்போது அதற்கு இரண்டு பேரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.