இருபத்திரண்டு ஒத்திவைப்புகள்

சுருக்கெழுத்து அக்கா என்றால்தான் அந்த மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் பேச்சை எழுதியே பிழைத்தவள். "வேலையில ஊமை, வீட்டுல ஒலிபெருக்கி" என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

சலவைக்கடைக்காரர் ஒருவர் வாங்கிய புதுக் கொதிகலன் மூன்றாம் வாரமே வெடித்து, அவர் மனைவியின் வலது கை முழங்கைவரை வெந்துபோனது. உங்கள் ஆள்தான் தப்பாகத் திருகினான் என்று கம்பெனி கைகழுவியது. தகராறு வந்தால் நடுவர் ஒருவர் விசாரித்து ஒரு வருஷத்தில் முடிப்பார் என்பது ஒப்பந்தம். நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எழுத வந்தவள் அக்கா.

விசாரணை அறையில் ஈரக் கம்பள நாற்றம். நடுவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித் தின்பார். ஊறிக் கரைந்து விழுந்ததை விரலால் துழாவி நக்குவார். கம்பெனி வக்கீல் எழுந்து தொண்டையைச் செருமினால் போதும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். அந்த வக்கீலுக்கு அக்கா மனசுக்குள் வைத்த பேர் செருமல்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. இரு தரப்பும் சம்மதித்து இன்னொரு ஆறு மாசம் கொடுத்தார்கள். அதுவும் கரைந்தது. இனி கோர்ட் நீட்டித்தால்தான் உண்டு. நீட்டிக்கச் சொல்லிச் செருமலே மனு போட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கோர்ட் கேட்டது.

நடுவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். மேஜையில் அவர் வெட்டிப்போட்ட நகத்துண்டுகள் கிடந்தன.

"நடந்ததைத் தொகுத்து ஒரு பக்கம் அடிச்சுக் குடும்மா. வாதி கேட்டதாலதான் ஒத்திவெச்சோம்னு போட்டுடு."

"அவர் கேட்டது ஒரே தடவைங்கய்யா. மனைவிக்குக் கையில தோல் ஒட்டுற ஆபரேஷன் நடந்த அன்னைக்கு."

"கணக்கா கேட்டேன்? அடின்னா அடி. அடுத்த கேஸுக்கும் நீதானே வரப்போறே."

அக்கா அடிக்கவில்லை. அந்த நகங்களின்மேல் கை படாமல் தன் நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் சலவைக்கடைக்காரரின் வக்கீல் நின்றிருந்தார்.

"நான் எழுதினது இது. கோர்ட்ல நானே படிச்சுக் காட்டுறேன், கூப்பிடுங்க" என்றாள்.

அன்று வீட்டுக்காரர் கேட்டார்: "சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்கிறியே, யோசிச்சியா?"

"அந்தாளு நக்குன விரலைப் பாத்துட்டு வந்து எனக்குச் சோறே இறங்கலைங்க."

கோர்ட்டில் நோட்டைப் பிரித்து, தேதி தேதியாகப் படித்தாள். முப்பத்தோரு அமர்வு, இருபத்திரண்டு ஒத்திவைப்பு. அதில் வாதிக்காக ஒன்று. கம்பெனிக்காகப் பதினாலு. மிச்சம் ஏழும் நடுவரின் சொந்த வசதிக்கு; ஒன்று பேரனின் நீச்சல் போட்டிக்கு. செருமல் அன்று செருமவே இல்லை.

நீதிபதி முகம் சுளித்தார். அவகாசத்தை நாலு மாசம் நீட்டினார். ஆனால் அந்த நடுவருக்கு அல்ல. அவரை நீக்கி, சம்பளத்தில் பாதியை வெட்டி, வேறொருவரை நியமித்தார்.

புது நடுவர் பதினோரு வாரத்தில் முடித்துவிட்டார். வெடித்த கொதிகலனில் கம்பெனி பழைய வால்வை மாட்டியிருந்தது பொறியாளர் சாட்சியத்தில் வெளிவந்தது. தீர்ப்பு சலவைக்கடைக்காரர் பக்கம். அவர் மனைவி இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டு நகலை வாங்கிக்கொண்டாள். சந்தோஷப்படவெல்லாம் இல்லை. "இதுக்கா ரெண்டு வருஷம்?" என்று மட்டும் கேட்டாள்.



அடுத்த வாரம் அதே கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் வேறொரு வழக்கு. நடுவர்: பழைய ஆள்தான். எழுத ஒரு புதுப் பெண் படியேறிக்கொண்டிருந்தாள். அக்கா அவளை நிறுத்தினாள்.

"எதுக்கு ஒத்திவெச்சாங்க, யாரு கேட்டாங்கன்னு ஒவ்வொரு தடவையும் எழுதி வெச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, இறங்கிப் போனாள்.