ஐந்து தட்டில் திறந்த செய்தி

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். அருப்புக்கோட்டையில் எங்கள் நெசவுத் தெருவில் முக்கால்வாசி வீடுகள் இப்படித்தான். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை.

மகளுக்குக் கர்நாடகத்தில் ஒரு டவுனில் வேலை கிடைத்தது. பேச்சு தெரியும் என்ற தைரியத்தில் அனுப்பிவைத்தோம். நான்காம் மாதம் அவள் தங்கியிருந்த விடுதியில் தீப்பிடித்தது. மூன்று மணி நேரம் போனை எடுக்கவில்லை. பிறகு அவளே கூப்பிட்டாள்.

"கீழ மோட்டார் ரூம்ல லேசாப் புகைம்மா. பேப்பர்லகூட வந்திருக்கு, பாரு."

அந்த ஊர்ச் செய்தியை அனுப்பியும் வைத்தாள். திறந்தால் முழுக்கக் கன்னட எழுத்து. மொழிபெயர்ப்பைத் தட்டினேன், வந்த தமிழில் தலையும் இல்லை, வாலும் இல்லை. மகள் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் போன் அடித்தால் இப்போதும் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன்.

பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் ஒன்று கன்னட எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றிக் காட்டும் என்று பிறகு தெரிந்தது. மொழிபெயர்க்காது, எழுத்தை மட்டும் மாற்றும். எங்களுக்கு அது போதுமே! நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றக் கூடாது. போனில் தேடினால் 'இந்தச் சாதனத்தில் இயங்காது' என்றது. மகளிடம் கேட்டேன்.

"அது கம்ப்யூட்டர்லதான் ஓடும். விடும்மா."

கொஞ்சம் அவசரமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

நான் விடவில்லை. பள்ளிக்குப் பாலவனத்தம் பஸ்ஸில் போகவர அதைப் பற்றியே படித்தேன். பிரவுசரின் செட்டிங்ஸில் கடைசிப் பக்கத்துக்குப் போய், அங்குள்ள சின்னத்தை ஐந்து முறை தட்டினால், மறைந்திருக்கும் ஒரு வரி வெளியே வருமாம். அதன் வழியாக எக்ஸ்டென்ஷன் ஃபைலை இறக்கி நாமே ஏற்றலாம். விடுமுறை நாள் மதியம் தட்டினேன். ஒன்று. ஏதாவது ஆகிறதா என்று பார்த்தேன். இரண்டு. மறுபடி பார்த்தேன். ஐந்து தட்டியும் எதுவும் வரவில்லை.

கரண்டு போய்த் தறி நின்றதால் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். எங்கள் பேச்சை இங்கே தமிழில்தான் எழுத முடிகிறது.

"என்ன, போனுக்குச் சுளுக்கு எடுக்குறியா?"

"அஞ்சு தடவை தட்டணுமாம்ங்க."

"அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிட்டு, ஆளு இருக்காகளான்னு நிக்கிற மாதிரில்ல தட்டுற. மளமளன்னு தட்டு."

தட்டினேன். வரி வந்துவிட்டது! ஃபைலைத் தொட்டதும் ஓர் எச்சரிக்கை: நீங்கள் திறக்கும் பக்கங்களை எல்லாம் இது படிக்க முடியும். என் விரல் நின்றது.

"பேங்கு வேலைய என் போன்ல பாத்துக்கலாம். இதுல செய்தி மட்டும் படி," என்றார்.

பழைய செய்தியைத் திறந்தேன். சுழித்துக் கிடந்த எழுத்துகள் வரி வரியாகத் தமிழெழுத்தாயின. கண்ணால் பார்த்தால் பிடிபடவில்லை. வாய்விட்டு வாசித்தால், எங்கள் வீட்டுப் பேச்சே இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்ற மாதிரி இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்ததா, தெரியாததா என்று பார்க்கவே ஆசையாக இருந்தது. நான் எழுத்துக் கூட்டிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எனக்கு முன்னால் புரிந்துவிட்டது.

"நிறுத்து," என்றார்.

படிக்கட்டு முழுக்கப் புகை. மூன்றாம் மாடிப் பெண்களை, ஏணியைப் படுக்கப் போட்டுப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தவழவைத்து மீட்டிருக்கிறார்கள். மகள் இருந்தது மூன்றாம் மாடியில்.

உடனே கூப்பிட்டேன். "ஏணியில தவழ்ந்து வந்தியா?"

"யாரு சொன்னா?"

"நீ அனுப்புன பேப்பருதான்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னுதானேம்மா அனுப்புனேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். ஏணி ஆடியதாம். ஒற்றைச் செருப்பு கீழே விழுந்ததாம், அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லையாம். கரண்டு வந்து தெருவில் தறிகள் ஓட ஆரம்பித்தன. அவர் எங்கள் தறிக்குப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.