தவராசா அண்ணையின் பெக்கன் முற்றியிருக்கிறது

தவராசா அண்ணை இறந்துவிட்டார். போன கிழமை புதன் காலை, ஜெர்மனியின் பான் நகரத்து வீட்டில், தேநீர் குடித்துக்கொண்டிருந்த கதிரையிலேயே மூச்சு நின்றது. ஹம் நகரில் என் பலசரக்குக் கடை வாசலில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி மங்கை அக்கா தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, அண்ணை போயிட்டார். கொட்டை முத்தினதைப் பாக்காமலே போயிட்டார்."

கொட்டை என்றால் பெக்கன். வால்நட்டுக்குச் சொந்தம், நீளமானது, ஓடு மெல்லியது, பருப்பு இனிப்பு. நீண்ட கோடை கேட்கிற மரம். அதை ரைன் ஆற்றுப் பக்கத்தில் ஒரு குத்தகை நிலத்தில் வளர்த்தே தீருவேன் என்று நின்றவர் அவர். போன வருடம் ஓட்டுக்குள் பருப்புத் திரளுமுன் உறைபனி விழுந்து எல்லாம் சப்பையாய்ப் போயிற்று. குத்தகையும் இந்த மாதத்தோடு முடிகிறது. நிலத்துக்காரர் ஸ்ட்ராபெரி போடுகிற ஒருவரைப் பேசி வைத்திருந்தார். இம்முறையும் சப்பை என்றால் மரங்கள் வேரோடு போய்விடும். அண்ணை கடைசி வரை பயந்தது இதற்குத்தான்.

என் கடைக்கு முதல் தடவை வந்தபோதே பெக்கன் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "தம்பி, இதை எனக்கு விக்காதை. நான் உனக்கு விக்கிறன்" என்றார். "அண்ணை, இந்தக் குளிருக்கை பனையும் நடப்போறியளோ?" என்று கேட்டேன். "பனை நட்டால் கள்ளுக்கு நீ வருவாய். அந்த ஆக்கினை எனக்கு வேண்டாம்" என்றார். விற்கத் தெரிந்த வாய் என்று அன்றே கணித்துவிட்டேன்.

பிறகு அவர் செய்த பிழை யாழ்ப்பாணத்து ஆள்தான் செய்யக்கூடியது. வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றால் காய்க்கும் என்று பழகியவர். திறமான இனம் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தோட்டம் முழுக்க அதையே வைத்தார். மரம் பூத்தது. வருடா வருடம் பூத்தது. ஒரு காய் இல்லை. அந்த இனத்தில் ஆண்பூவின் மகரந்தம் கொட்டித் தீர்ந்த பிறகுதான் பெண்பூ விரியுமாம். மங்கை அக்கா பூவைப் பார்த்துவிட்டுச் சொன்னதை நாங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்: "மாப்பிள்ளைமார் எல்லாம் சாப்பிட்டிட்டுப் போயிட்டினம். பொம்பிளை இப்பதான் சீலை உடுக்கிறா!" அண்ணை கோபப்படவில்லை. பிந்தி மகரந்தம் கொட்டுகிற வேறோர் இனத்தின் கிளைகளை வாங்கி வந்து, வரிசைக்கு வரிசை ஒட்டுக் கட்டினார். அவை பூத்த வருடம்தான் முதற்காய் பிடித்தது.

வேரைத் தின்கிற வயல் எலி வந்தது. நன்றாய் நின்ற மரமொன்று ஒரு கையால் இழுக்க, கரட் மாதிரிக் கழன்று வந்தது. "நஞ்சு வையுங்கோ" என்றேன். கேட்கவில்லை. தோட்டத்தில் உயரமாய்த் தடிகள் நட்டுக் குறுக்குச் சட்டம் அடித்தார். "பருந்துக்குக் கதிரை போட்டிருக்கிறன். வந்திருந்து தன்ரை வேலையைப் பாக்கட்டும்." பருந்து வந்தது. புதுக் கன்றுகளைக் கம்பிக் கூடைக்குள் வைத்து நட்டார்.

இன்னொரு கோடையில் இலையெல்லாம் பிசுபிசுத்துக் கரி பூசியது போலானது. அசுவினிப் பூச்சி. நான் மருந்துக் குப்பியோடு போய் நின்றேன். அவர் ஓர் இலையைப் புரட்டிக் காட்டினார். பொறிவண்டின் புழுக்கள் அசுவினியை மொய்த்துத் தின்றுகொண்டிருந்தன. "நீ அடிக்கிற மருந்திலை முதல் சாகிறது என்ரை வேலையாக்கள்தான். கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திட்டு வா." ஆடி முடிவதற்குள் மரம் தெளிந்துவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த விசயம். நேற்று எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். அண்ணைக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும் அல்லவா? "தம்பி, சப்பையெண்டாலும் பரவாயில்லை, அவரின்ரை மரத்துக் கொட்டை நாலு வேணும்" என்றார் அக்கா. விடிய ஓடினேன். தோட்டத்தில் நிலத்துக்காரர் அளவு நாடாவோடு நின்றார். நான் தலையை நிமிர்த்தினேன். பச்சைத் தோல் நாலாய் வெடித்து, உள்ளே மண்ணிறக் கொட்டை! ஒரு கிளை அல்ல, மரம் முழுக்க! ஒன்றைப் பறித்து உடைத்தேன். பருப்பு ஓட்டை நிறைத்துக்கொண்டு இருந்தது. முப்பது வருட வியாபாரத்தில் ஒரு சரக்கைப் பார்த்துக் கத்தியது நேற்றுத்தான்.

பேரம் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது என் வழக்கம். இன்னொன்றை உடைத்து அந்த மனிசனின் கையில் வைத்தேன். மென்றார். தானே இன்னொன்றைப் பறித்து உடைத்தார். பிறகு நாடாவைச் சுருட்டினார். "உங்கள் நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை," என்றார் ஜெர்மனில். "இனித் தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வது?"

"நான்" என்றேன்.

அண்ணையை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தத் தோட்டம். நிலத்துக்காரரையும் கூட்டிப் போய், படையல் முடிந்த கையோடு அக்காவின் மேசையில் மூவரும் இருந்து பேசி முடித்தோம். குத்தகை பத்து வருடம். வாடகை வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு யூரோ, நத்தார்ப் பண்டிகைக்கு முன் கட்ட வேண்டும். இலாபத்தில் அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி. பையில் என் கடையின் பெயர் வராது, அண்ணையின் பெயர்தான். அது அக்கா போட்ட நிபந்தனை. ஓம் என்றேன்.